நீலகிரி டிரவுட் மீன்பிடிப்பு

நீலகிரி டிரவுட் மீன்பிடிப்பு என்பது தமிழ்நாட்டின் நீலகிரி மலையின் மேற்பகுதியிலுள்ள குளிர்ந்த ஓடைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் வாழும் வானவில் டிரவுட் என்னும் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பதைக் குறிக்கும். இம்மீன் நீலகிரிக்கு உரியதன்று. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் பொழுதுபோக்குத் தூண்டிலுக்காகக் கொண்டுவரப்பட்டு, 1907 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அவலாஞ்சி மீன் பொரிப்பகத்தின் துணையால் நிலைநிறுத்தப்பட்டது. சால்மன் குடும்ப மீன் ஒன்று நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 11 பாகை வடக்கே, வெப்ப மண்டலத்தின் நடுவே வாழ்வது அரிது. நீலகிரியில் அது இயல்வதற்குக் காரணம் மலையின் உயரம் மட்டுமே.

கோயம்புத்தூருக்கு வடக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் மேட்டுப்பாளையம் சாலையில் அமைந்துள்ள பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து பார்த்தால், வடமேற்கே நீலகிரி மலைத்தொடர் தெரியும். இவ்வூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்திலும், அவலாஞ்சி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலும் உள்ளன. உயரே செல்லச் செல்ல ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறையும் என்னும் பொதுக்கணக்கின்படி, இவ்விரு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 10 பாகை வேறுபாடு இருக்கும். டிரவுட் மீனுக்கு வாழ்வும் சாவும் இந்தப் பத்துப் பாகைக்குள் அடங்கிவிடுகின்றன.

பெயரும் வகைப்பாடும்

டிரவுட், சால்மன், சார் ஆகிய மூன்றும் சால்மோனிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை அனைத்தும் வட அரைக்கோளத்தின் குளிர்நீர் மீன்கள். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையே எலும்பு முள்ளற்ற சிறிய கொழுப்புத் துடுப்பு ஒன்று இருப்பது இக்குடும்பத்தின் எளிய அடையாளமாகும். வானவில் டிரவுட்டின் உடலெங்கும் சிறு கரும்புள்ளிகளும், பக்கவாட்டில் செவுளிலிருந்து வால் வரை இளஞ்சிவப்புப் பட்டையும் காணப்படும். வட அமெரிக்கா, ஆசியா ஆகியவற்றின் பசிபிக் கரையோர ஆறுகளே இதன் தாயகம். முன்னர் சால்மோ கைர்ட்னேரி எனப்பட்ட இம்மீன், பசிபிக் சால்மன்களுக்கு நெருங்கிய உறவு என்பது உறுதியானபின் 1989 ஆம் ஆண்டு முதல் ஆன்கோரிங்கசு மைகிசு என்று வழங்கப்படுகிறது. ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட்டோ அட்லாண்டிக் சால்மனின் பேரினமான சால்மோவில் உள்ளது. ஆகவே "டிரவுட்" என்னும் சொல் ஒரு தனி இனத்தைக் குறிப்பதன்று. ஓடை டிரவுட் எனப்படும் மற்றொரு மீன் உண்மையில் சார் இனமாகும்.

தமிழில் இம்மீனுக்குத் தனிப்பெயர் இல்லை. தமிழகக் கடற்கரை மீன் சந்தைகளில் "இந்தியன் சால்மன்" என்று விற்கப்படுவது காலா மீனாகும். அது வெப்பக்கடல் மீன். சால்மன் குடும்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

குளிர்நீரின் தேவை

வானவில் டிரவுட் நன்கு வளர ஏறத்தாழ 10 முதல் 18 பாகை செல்சியசு வரையிலான நீர் தேவை. வெப்பநிலை 20 பாகையைக் கடந்தால் மீன் இரை எடுப்பது குறைகிறது. 25 பாகையை நெருங்கினால் நெடுநேரம் உயிர்வாழ இயலாது. ஒப்பிட்டால், கோயம்புத்தூர்க் குளங்களில் வளரும் கட்லா, ரோகு போன்ற கெண்டையினங்கள் நன்கு வளர்வதே 25 பாகைக்கு மேற்பட்ட நீரில்தான்.

வெப்பத்தோடு உயிர்வளியும் சேர்ந்தே கணக்கிடப்பட வேண்டும். கடல்மட்டத்தில் 10 பாகை நீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்கும். 28 பாகையில் இது 7.8 மில்லிகிராமாகக் குறையும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே என்பதால், அங்கே கரையும் உயிர்வளியும் அதே விகிதத்தில் குறைகிறது. எனினும் அவ்வுயரத்தில் 12 பாகை நீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கிடைக்கும். இது சமவெளியின் வெதுவெதுப்பான நீரில் கரையக்கூடிய அளவைவிட மிகுதி. மேலும், நீர் சூடாகும்போது மீனின் உயிர்வளித் தேவை கூடுகிறது. தேவை கூடும் அதே வேளையில் இருப்புக் குறைவதுதான் சமவெளி நீரில் டிரவுட் மடிவதற்குக் காரணம்.

மற்றொரு தேவையும் உண்டு. டிரவுட் தேங்கிய நீரில் இனம் பெருக்குவதில்லை. பெண் மீன் ஓடும் நீரின் அடியிலுள்ள கூழாங்கற்களை வாலால் ஒதுக்கிக் குழி செய்து முட்டையிட்டு, பின் கற்களால் மூடிவிடும். கற்களின் இடுக்கு வழியே நீர் ஓடிக்கொண்டிருந்தால்தான் முட்டைக்கு உயிர்வளி கிடைக்கும். வண்டல் படிந்தால் முட்டைகள் மூச்சடைத்து அழியும். ஆகையால் ஏரியிலோ அணையிலோ டிரவுட் பிடிக்க வேண்டுமாயின், அதில் வந்து கலக்கும் சரளைக்கல் ஓடை ஒன்று இருக்க வேண்டும், அல்லது பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து விட வேண்டும்.

முதல் முயற்சிகள்

நீலகிரியின் மேல்மட்ட ஓடைகளில் இயற்கையாகப் பெரிய மீன்கள் மிகக் குறைவு. கீழிருந்து மீன்கள் ஏறிவர இயலாதபடி அருவிகள் தடுப்பதும், நீர் குளிர்ந்திருப்பதும் இதற்குக் காரணங்களாகும். மேட்டுநிலத்தின் புல்வெளிகளில் எருமை மேய்த்து வாழ்ந்த தோடர்கள் மரபாகப் புலால் உண்ணாதவர்கள். எனவே அங்கே மீன்பிடித் தொழில் ஒன்று வளரவில்லை. உதகமண்டலத்தில் குடியேறிய ஆங்கிலேயருக்கு இது குறையாகத் தோன்றியது.

சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றியவரும் பின்னாளில் இந்திய மீன்கள் பற்றிய பெருநூலை எழுதியவருமான பிரான்சிசு டே, 1863 ஆம் ஆண்டிலும் 1866 ஆம் ஆண்டிலும் டிரவுட்டை நீலகிரியில் புகுத்த முயன்றார். இரு முயற்சிகளும் பலனளிக்கவில்லை. முட்டையை வெப்பத்திலிருந்து காப்பதே முதன்மையான இடர்ப்பாடாக இருந்தது. சூயசு கால்வாய் 1869 இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன், ஆப்பிரிக்காவைச் சுற்றி வர வேண்டும், அல்லது எகிப்தில் தரைவழியாகக் கடந்து செங்கடலில் மீண்டும் கப்பலேற வேண்டும். இரண்டு வழிகளிலும் வெப்ப மண்டலக் கடலைத் தவிர்க்க இயலாது. கப்பலிலிருந்து இறங்கியபின் சமவெளியையும் கடக்க வேண்டியிருந்தது.

இவ்விடர்ப்பாட்டுக்கான தீர்வு 1864 ஆம் ஆண்டிலேயே வேறிடத்தில் கண்டறியப்பட்டிருந்தது. அவ்வாண்டு நார்போக் என்னும் கப்பலில், ஈரப்பாசியில் பொதிந்து பனிக்கட்டி அறையில் வைக்கப்பட்ட சால்மன், டிரவுட் முட்டைகள் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் தாசுமேனியாவுக்கு உயிருடன் சென்றுசேர்ந்தன. பாசியும் பனிக்கட்டியும் முட்டையின் வளர்ச்சியை மெதுவாக்கிப் பயணக் காலத்தை ஈடுசெய்தன. தாசுமேனியாவில் டிரவுட் பெருகியது. சால்மன் கடலுக்குச் சென்று திரும்பவில்லை. ஓரிடத்தில் முட்டை பொரிப்பது வேறு, இனம் நிலைப்பது வேறு என்பதை இது காட்டியது. நீலகிரியிலும் பின்னர் இதுவே நிகழ்ந்தது.

இதற்கிடையே, வேட்டையையும் மீன்பிடிப்பையும் நெறிப்படுத்த நீலகிரியில் 1877 ஆம் ஆண்டில் வேட்டைச் சங்கம் ஒன்று தோன்றியது. 1879 ஆம் ஆண்டில் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பிடிக்கத் தடைசெய்யப்பட்ட பருவம், அனுமதிச் சீட்டு ஆகியவை இச்சட்டத்தின்வழி நடைமுறைக்கு வந்தன. பாதுகாப்பு என்று பெயர் இருந்தாலும், யார் எதைப் பிடிக்கலாம் என்பதை வரையறுப்பதே இதன் நடைமுறைப் பொருளாக இருந்தது எனலாம்.

அவலாஞ்சி பொரிப்பகம்

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூழல் மாறியது. கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை 1887 இல் தொகுத்தவரான பிரெடரிக் நிக்கல்சனின் முயற்சியால் சென்னை மாகாண மீன்வளத்துறை 1907 இல் உருவாயிற்று. தொடருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873 இலும், குன்னூருக்கு 1899 இலும், உதகைக்கு 1908 இலும் எட்டியது. பெரியநாயக்கன்பாளையம் வழியாகச் செல்லும் போத்தனூர் - மேட்டுப்பாளையம் பாதையே இந்த மலைப்பாதைக்கு அடிவாசலாகும்.

மாகாண அரசின் மீன்வளர்ப்பு வல்லுநரான எச். சி. வில்சன் பொறுப்பில் 1907 ஆம் ஆண்டில் அவலாஞ்சியில் பொரிப்பகம் கட்டப்பட்டது. ஓடைநீரைத் தன்னோட்டமாகவே தொட்டிகளுக்குத் திருப்ப இயலும் இடமாக அது அமைந்திருந்தது. வானவில் டிரவுட் இலங்கை உள்ளிட்ட பல நாடுகளிலிருந்து வரவழைக்கப்பட்டது. இலங்கையின் நுவரெலியா மலைப்பகுதியில் இம்மீன் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தது. வெப்ப மண்டலத்திலேயே ஒருமுறை பிழைத்துப் பெருகிய மீன் என்பதால், அருகிலிருந்து பெறுவது பயணத் தொலைவைக் குறைத்ததோடு தேர்வும் செய்து தந்தது. பழுப்பு டிரவுட் நீலகிரியில் நிலைபெறவில்லை. வானவில் டிரவுட் நிலைபெற்றது. 1921 ஆம் ஆண்டளவில் மோல்சுவொர்த்து, பிரையன்ட் ஆகிய இருவர் நீலகிரி டிரவுட் மீன்பிடிப்பைப் பற்றித் தனி நூலே எழுதும் அளவுக்கு அது வளர்ந்திருந்தது.

பொரிப்பகத்தில் சினை எடுக்கும் முறை எளிமையானது, ஆனால் கைப்பழக்கம் வேண்டுவது. முதிர்ந்த பெண் மீனின் வயிற்றை முன்னிருந்து பின்னாக மெல்ல நீவி முட்டைகளை உலர்ந்த ஏனத்தில் வீழ்த்துவர். அதன்மேல் ஆண் மீனின் விந்துநீரைப் பிழிந்து, பறவை இறகால் கலக்கி, அதன் பின்னரே நீர் சேர்ப்பர். டிரவுட்டின் விந்தணுக்கள் நீர் பட்டபின் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே இயங்கும் என்பதால், முதலில் நீரூற்றினால் பெரும்பாலான முட்டைகள் கருவுறாமல் வீணாகும். ஒரு கிலோகிராம் எடையுள்ள பெண் மீன் ஏறத்தாழ 1,000 முதல் 2,000 முட்டைகள் தரும். லட்சக்கணக்கில் முட்டையிடும் கெண்டையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண்ணிக்கை. ஆனால் ஒவ்வொரு முட்டையும் பெரிது.

முட்டைகள் ஒளிபடாத தட்டுகளில் ஓடும் நீரில் வைக்கப்படும். 10 பாகை நீரில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பொரியும். நீர் குளிர்ந்தால் நாள் கூடும். பாதி வளர்ச்சியில் கருவின் கண்கள் முட்டைக்குள் கரும்புள்ளிகளாகத் தெரியத் தொடங்கும். நெடுந்தொலைவு அனுப்ப ஏற்ற நிலை இதுவே. இறந்த முட்டைகள் வெண்மையாகிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அவற்றை நாள்தோறும் பொறுக்கி அகற்ற வேண்டும். பொரித்த குஞ்சு தன் மஞ்சட்கருப் பையை உண்டு தீர்த்தபின் நீந்தி மேலெழும். விரலளவு வளர்ந்த குஞ்சுகள் ஓடைகளிலும் அணைகளிலும் விடப்படும்.

அவலாஞ்சி பொரிப்பகம் விடுதலைக்குப் பின் தமிழ்நாடு மீன்வளத்துறையின்கீழ் வந்தது. 1960களின் பிற்பகுதியில் சொக்காய் சால்மன் போன்ற பிற இனங்களையும் நீலகிரியில் வளர்க்க முயற்சி நடந்தது. அவை நிலைக்கவில்லை.

ஆண்டுச் சுழற்சியும் பருவமும்

வட நாடுகளின் சிறு ஏரிகளில் சால்மன், சார் பிடிப்புக்குரிய பருவம் பனி உருகுவதையும் உறைவதையும் ஒட்டியது. நீலகிரியில் ஓடைகள் உறைவதில்லை. இங்கே பருவத்தை முடிவுசெய்வது மழை. தென்மேற்குப் பருவமழை சூன் முதல் குந்தா மலைச்சரிவில் கொட்டும்போது ஓடைகள் பெருகிக் கலங்கி ஓடும். கலங்கிய நீரில் கண்ணால் இரை தேடும் டிரவுட் தூண்டிலை நாடுவதில்லை. ஆகத்து 2019 இல் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானது. இத்தகைய வெள்ளம் அடித்தளக் கற்களையே புரட்டிவிடக் கூடியது.

மழை ஓய்ந்து நீர் தெளிந்தபின் வரும் மாதங்களிலும், பின்னர் மார்ச்சு முதல் மே வரையிலும் தூண்டிலுக்கு ஏற்ற நீர் அமையும். இடைப்பட்ட குளிர்காலம் முட்டையிடும் காலம். அப்போது மீன்கள் ஆழமற்ற சரளை ஓடைகளுக்கு ஏறி வருவதால் எளிதில் அகப்படும். அதனாலேயே அக்காலத்தில் பிடிக்கலாகாது என்பது டிரவுட் நீர்நிலைகளின் பொதுவிதி. கோடையின் இறுதியில் மற்றோர் இக்கட்டு எழும்: ஓடைகள் மெலிந்து, நண்பகலில் சூடேறும். அவ்வேளையில் மீன்கள் சோலை நிழல்படும் மடுக்களிலும் அருவியடியிலும் ஒதுங்கிக் கிடக்கும். காலையிலும் அந்திப்பொழுதிலும் மட்டுமே இரை எடுக்கும்.

தூண்டில் முறை

சமவெளிக் குளங்களில் தங்கூசி நரம்பில் தக்கை கட்டி, மண்புழுவைக் கோத்துக் காத்திருப்பது வழக்கம். டிரவுட் பிடிப்பவர் பெரும்பாலும் இறகும் நூலும் முள்ளில் சுற்றிச் செய்த போலிப் பூச்சியைப் பயன்படுத்துவர். எடையற்ற இப்பூச்சியைத் தொலைவில் வீச, நூலுக்கே எடை கொடுத்து, நீண்ட கழியின் வளைவால் அதை முன்னும் பின்னும் வீசி நீர்மேல் இறக்குவர். நீரில் வாழ்ந்து பறக்கத் தொடங்கும் பூச்சிகளே டிரவுட்டின் முதன்மை உணவு என்பதே இம்முறையின் அடிப்படை. ஆழமான அணைநீரில் சுழலும் உலோகத் தகடும் பயன்படும். பிடிக்கலாகும் மீனின் குறைந்த அளவும் ஒரு நாளில் பிடிக்கலாகும் எண்ணிக்கையும் வரையறுக்கப்படுவது இத்தகைய மீன்பிடிப்பின் வழக்கமாகும்.

அணைகளுக்குப் பின்

கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா நாட்டின் உதவியுடன் 1950களில் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டம், டிரவுட் ஓடைகள் பலவற்றை நீர்த்தேக்கங்களாக்கியது. அவலாஞ்சி - எமரால்டு இரட்டை நீர்த்தேக்கம், அப்பர் பவானி, போர்த்திமந்து ஆகியவை இவ்வகையின. ஓடையின் நீளம் குறைந்தது. மறுபுறம், ஆழமான குளிர்நீரில் மீன் பெரிதாக வளர இடம் கிடைத்தது. ஆனால் நீர்மின் தேவைக்கேற்ப மட்டம் ஏறி இறங்கும் அணையில் கரையோர உயிரினங்கள் நிலைக்க இயலாது. அணைநீரில் வளரும் மீன் முட்டையிட மீண்டும் மேலோடைக்கே செல்ல வேண்டும்.

மின்நிலையங்கள் பலவற்றில் விழுந்து இறங்கும் இந்நீர் பில்லூரில் பவானியோடு சேர்ந்து, கோயம்புத்தூர்ப் பகுதியின் குடிநீராகவும் மேட்டுப்பாளையம், பவானிசாகர் வழியாகப் பாசன நீராகவும் பயன்படுகிறது. பில்லூரை எட்டும்போது அது டிரவுட் வாழ இயலாத வெப்பத்தை அடைந்துவிடுகிறது. அங்கிருந்து கீழே மொசாம்பிக் திலாப்பியா, அதாவது ஊரில் ஜிலேபி மீன் எனப்படுவது, தழைக்கிறது. அதுவும் வெளிநாட்டு மீனே. இந்தியாவுக்கு 1952 ஆம் ஆண்டில் வந்தது. ஒரே ஆற்றின் தலையிலும் இடையிலும் இரு வேறு கண்டங்களின் மீன்கள் வாழ்கின்றன.

கோடையில் ஓடும் நீரின் அளவே டிரவுட்டின் எல்லையை வரையறுப்பதால், காடு மாறியதும் இதில் பொருட்படுத்தத்தக்கது. புல்வெளிகளில் பெருமளவில் நீலகிரித் தைலமரமும் சீகை மரமும் நடப்பட்டன. கிளென்மார்கனில் அருகருகே அமைந்த இரு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு உதகை மண்வளப் பாதுகாப்பு ஆய்வு மையம் நடத்திய ஆய்வில், தைலமரம் நட்ட நிலத்திலிருந்து கிடைக்கும் நீர், முதல் பத்தாண்டுச் சுழற்சியில் 16 விழுக்காடு குறைந்தது கண்டறியப்பட்டது. தேயிலை, உருளைக்கிழங்கு, கேரட் நிலங்களிலிருந்து வரும் வண்டலும் பூச்சிக்கொல்லிகளும் சரளை அடித்தளத்தைக் கெடுக்கின்றன.

முன்பு தூண்டிலுக்குப் பெயர்பெற்ற ஓடைகளில் பல இன்று காப்புக்காடுகளுக்குள் உள்ளன. முக்குறுத்தி 1982 இல் சரணாலயமாகவும் 1990 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்காவுக்குள் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் இடமில்லை.

இந்தியாவின் பிற பகுதிகள்

காசுமீருக்கு 1899 இல் அனுப்பப்பட்ட முதல் முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900 இல் வந்த இரண்டாம் தொகுதி பிழைத்தது. அங்கு ஆர்வான் பொரிப்பகமும், இமாச்சலப் பிரதேசத்தில் 1909 முதல் குலுப் பள்ளத்தாக்கிலும் டிரவுட் வளர்ப்பு நிலைபெற்றன. இமயத்தில் பனியுருகு நீர் கோடையிலும் ஓடைகளைக் குளிர்விக்கிறது. நீலகிரிக்கு அந்த வாய்ப்பில்லை. உணவுக்காகப் பண்ணையில் டிரவுட் வளர்ப்பது வடக்கே தொழிலாக வளர்ந்ததற்கும் தெற்கே வளராததற்கும் இதுவே முதன்மைக் காரணம். கேரளத்தில் மூணாறு அருகே இராசமலையில் தேயிலைத் தோட்டத்தாரின் முயற்சியால் வானவில் டிரவுட் நிலைபெற்றது.

உள்ளூர் மீன்கள்

வானவில் டிரவுட், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. தென் அமெரிக்காவின் திதிகாக்கா ஏரியில் இம்மீன் விடப்பட்டபின், அந்த ஏரிக்கே உரிய ஒரெசுடியாசு குவியேரி என்னும் மீன் அழிந்துபோனது. அதற்கு டிரவுட்டும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

நீலகிரியின் மேல் ஓடைகளில் உள்ளூர் மீன்கள் குறைவு என்பது "இல்லை" என்பதாகாது. விரலளவே வளரும் தெவாரியோ நீல்கெரியென்சிசு என்னும் மீன் இம்மலைக்கே உரியது. அது அழிநிலையில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. பைக்காரா ஓடையிலிருந்து 1987 இல் விவரிக்கப்பட்ட சிசுதூரா நீல்கிரியென்சிசு என்னும் அயிரை வகை மீனும் அத்தகையதே. சிறு மீன்களையும் தலைப்பிரட்டைகளையும் உண்ணும் டிரவுட், அணை, வண்டல், பூச்சிக்கொல்லி ஆகியவற்றோடு சேர்ந்து இவற்றுக்கு மற்றோர் அழுத்தமாக அமைகிறது. தூண்டிலில் அகப்படும் அளவுக்கு இவை வளராததால், வேட்டைச் சங்கக் காலத்தில் இவற்றை எவரும் பொருட்படுத்தவில்லை. தெவாரியோ நீல்கெரியென்சிசை 1867 ஆம் ஆண்டில் முதன்முதலாக அறிவியல் முறையில் விவரித்தவர், அதற்கு ஓராண்டு முன்னர் அதே மலையில் டிரவுட்டைப் புகுத்த இரண்டாம் முறையாக முயன்ற பிரான்சிசு டே ஆவார்.